காப்பகத்திலிருந்து வாடகை வீட்டுக்கு: வேலை முதலிலா, வீடு முதலிலா?

எட்டு நண்பர்கள் சேர்ந்து மாதம் 20,000 ரூபாய் வரை ஒதுக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னை பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் வாழ்ந்து, போன மழைக்கு மாநகராட்சிக் காப்பகத்துக்கு வந்துவிட்ட இரண்டு குடும்பங்களை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களைச் சொந்தக் காலில் நிற்கிற மாதிரி ஒரு வீட்டில் குடிவைக்க வேண்டும். முதலில் ஏதாவது தொழில் பழக்கிவிட்டு, கையில் காசு புரண்ட பிறகு வீடு பார்ப்பதா, இல்லை வீட்டையே முதலில் பார்ப்பதா என்பது உங்கள் கேள்வி.

வீட்டை முதலில் பாருங்கள். அவர்கள் இன்று பிழைக்கிற இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் பாருங்கள். அப்புறம் ஒன்றரை வருடம் விட்டுவிடாமல் கூட இருங்கள். வடசென்னையில் நடைபாதைக் குடும்பங்களோடு பதினைந்து வருடமாக வேலை செய்கிறேன். நான் பார்த்தவரை, நிலைத்து நின்ற குடும்பங்களுக்கு இந்த மூன்றும் கிடைத்திருந்தன. மறுபடியும் பிளாட்பாரத்துக்கே வந்தவர்களுக்கு மூன்றில் ஒன்று விட்டுப்போயிருந்தது.

தொழில் பழக்குவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு குடும்பங்களும் வேலை இல்லாமலா இருக்கின்றன? ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்குப் போய்ப் பாருங்கள். பெரியவர்கள் யாரும் படுக்கையில் இருக்க மாட்டார்கள். ஒருவர் மீன்பாடி வண்டியை மிதித்துக்கொண்டு போயிருப்பார், இன்னொருவர் சௌகார்பேட்டையில் மூட்டை இறக்கிக்கொண்டிருப்பார். பெண்கள் பத்ரியன் தெருவில் உதிரிப்பூ வாங்கவோ, காசிமேட்டில் மீன் பிரிக்கவோ, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவவோ கிளம்பியிருப்பார்கள். அந்தப் பிழைப்புதான் அவர்களை அந்த நடைபாதையில் வைத்திருக்கிறது. வேலைக்குப் பக்கத்தில் இடம் வேண்டும், வாடகைக்குக் கட்டுப்படியாகவில்லை, அதனால் தெருவில் படுக்கிறார்கள்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை, உச்ச நீதிமன்றமே 1985இல் சொன்னது. 1981 மழைக்காலத்தில், அப்போதைய மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே, பம்பாயின் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் ஊருக்கே அனுப்பப்போவதாக அறிவித்தார். அதை எதிர்த்துப் போடப்பட்டதுதான் ஓல்கா டெல்லிஸ் வழக்கு. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, பிழைப்பு நடத்தும் உரிமையும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு காக்கிற உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. வேலை நகரத்தில் இருப்பதால்தான் இவர்கள் நடைபாதையில் வாழ்கிறார்கள், அங்கிருந்து பிடுங்கினால் பிழைப்பும் சேர்ந்து போய்விடும் என்பதையும் ஒப்புக்கொண்டது. ஆனாலும் நோட்டீஸ் கொடுத்து, மழைக்காலம் முடிந்த பிறகு அப்புறப்படுத்தலாம் என்றே தீர்ப்பு முடிந்தது. உரிமையை ஒத்துக்கொண்ட பிறகும் படுக்க ஓர் இடம் கிடைக்காமல் போனது. அந்த இடைவெளியில்தான் இன்றைக்கும் நாம் வேலை செய்துகொண்டிருக்கிறோம்.

காப்பகம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2010இல் டெல்லிக் குளிரை ஒட்டி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளுக்குப் பிறகுதான், பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்ற கணக்கு வந்தது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாக்கியது. வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும், ஆளுக்கு 50 சதுர அடி இடம் வேண்டும் என்று அதன் வழிகாட்டு நெறிமுறைகள் வகுத்தன. சென்னையில் நாற்பதுக்கும் மேற்பட்ட காப்பகங்கள் இருக்கின்றன. அவற்றில் நல்லபடி நடக்கிறவை நிறைய. தனியாக வந்த முதியவருக்கும், மனநலம் குன்றித் தெருவில் அலைந்தவருக்கும், அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணை வந்தவருக்கும் அவை உயிர் காக்கும் இடம்.

குடும்பத்துக்குத்தான் சிக்கல். பெரும்பாலான காப்பகங்கள் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, சிறுவர்களுக்கு ஒன்று என்று பிரிந்தவை. அம்மாவும் சின்னப் பிள்ளைகளும் ஓரிடம், அப்பா வேறிடம், மீசை முளைக்கிற வயதுப் பையன் இன்னோரிடம் என்று ஆகிவிடும். மழை விட்டதும் குடும்பம் மறுபடி நடைபாதைக்கு வருவதற்கு இதுதான் முதல் காரணம். ஒன்றாக இருக்கத்தான் வருகிறார்கள். இதைத் திமிர் என்றும் சோம்பல் என்றும் யாராவது சொல்லக் கேட்டால் எனக்கு இன்னமும் நெஞ்சு பதறுகிறது. உங்களுடைய இரண்டு குடும்பங்களும் இப்போது பிரிந்து இருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். பிரிந்திருந்தால் நாள் கடத்தாதீர்கள்.

சரி, வாடகை கட்ட முடியுமா? அதை அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு குடும்பத்தோடு நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். அம்மா பூக் கட்டுகிறவர், அப்பா லோடுமேன், மூன்று பிள்ளைகள். ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஒரு வாரச் செலவை எழுதச் சொன்னேன். அம்மாவுக்கு எழுத வராது. எட்டாவது படிக்கிற மகள் எழுதினாள். கட்டணக் கழிப்பிடத்துக்கும் குளிக்கவும் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 100 ரூபாய் போயிருந்தது. காற்றிலும் மழையிலும் அடுப்பு மூட்ட முடியாத ராத்திரிகளில் கடையில் வாங்கிய இட்லியும் பரோட்டாவும் சராசரியாக நாளுக்கு 150. இவை இரண்டும் மட்டுமே மாதம் 7,500 ரூபாய். செல்போன் சார்ஜ் போட்டுத் தருகிற கடைக்கு ஒருமுறைக்குப் பத்து ரூபாய் என்பதைக்கூட மகள் எழுதிவைத்திருந்தாள்.

நடைபாதையில் வாழ்வது இலவசம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அந்த நோட்டைப் பார்த்த அன்று அம்மாவே அதிர்ந்துபோனார். ராயபுரத்தில் ஓடு வேய்ந்த ஒரு வீட்டில் ஒற்றை அறை, பொதுக் கழிப்பறை, மாத வாடகை 4,500 என்று நாங்கள் பார்த்து வைத்திருந்தோம். “இவ்ளோ காசு வெளியில குடுத்துட்டுத்தான் ரோட்ல படுத்துனு இருந்தமாக்கா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மாத வாடகையைவிட முன்பணம்தான் பெரிய மதில். அந்த அறைக்கு வீட்டுக்காரர் கேட்டது 40,000. மாதா மாதம் 4,500 புரட்டிவிடக் கூடிய குடும்பத்தால் ஒரே நாளில் 40,000 எடுத்து வைக்க முடியாது. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் முன்பணத்துக்கு அளவாகச் சொல்கிறது, எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதியவும் சொல்கிறது. ஒற்றை அறை விடுகிற தெருக்களில் இன்னும் பழைய பத்து மாதக் கணக்குதான் ஓடுகிறது. சட்டத்தைச் சொல்லிச் சண்டை போட்டால் அறை கிடைக்காது. மெதுவாகப் பேசி ஐந்தாறு மாதத்துக்குக் கொண்டுவரலாம். நான் சில இடங்களில் கொண்டுவந்திருக்கிறேன்.

வீட்டுக்காரர்கள் கேட்கிற மற்ற கேள்விகளுக்கும் தயாராகப் போங்கள். எத்தனை பேர், என்ன வேலை, குடிப்பாரா என்று கேட்பார்கள். ‘என்ன ஆளுங்க?’ என்று சாதியையும் கேட்பார்கள். ‘முன்னே எங்கே இருந்தீங்க?’ என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான கேள்வி. பொய் சொல்லிக் குடிவைக்காதீர்கள். தெரு சின்னது, ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், அப்புறம் அவமானப்படுவது அந்தப் பிள்ளைகள். ‘நாங்கள் எட்டுப் பேர் ஜாமீன் நிற்கிறோம், வாடகை தவறினால் எங்களிடம் கேளுங்கள்’ என்று நேராகச் சொல்லுங்கள். பத்து வீட்டில் எட்டு வீடு கதவைச் சாத்தும். ஒன்பதாவது வீட்டில் ஒரு பாட்டி, “பொம்பளப் புள்ளைய வெச்சுக்கிட்டு ரோட்லயா?” என்று கேட்டுச் சாவியை எடுத்துத் தருவார். இது எனக்கு ஒருமுறைக்கு மேலேயே நடந்திருக்கிறது.

ஒப்பந்தத்தைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரில் போடுங்கள். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். கணவர் கோபித்துக்கொண்டு போனாலும், வேறு ஊருக்கு லோடு ஏற்றப் போனாலும், அறை பிள்ளைகளோடு நிற்கும். முன்பணத்தை நீங்களே வீட்டுக்காரரிடம் கட்டி, இரண்டு வருடம் அந்த அறையில் இருந்தால் அந்தப் பணம் குடும்பத்துக்கே சொந்தம் என்று எழுதிக் கொடுங்கள். 40,000 ரூபாய் தன் பெயரில் ஓரிடத்தில் இருக்கிறது என்ற நினைப்பு ஒரு குடும்பத்தை எவ்வளவு நிமிர்த்தும் என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும். கரண்டுக்குத் தனி மீட்டர் உண்டா, வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்குவாரா என்பதையும் முன்னாலேயே கேளுங்கள். தண்ணீர் எந்த நேரம் வரும், யார் எத்தனை குடம் பிடிக்கலாம் என்பதும் கேட்க வேண்டியதுதான். குடித்தனங்களுக்குள் சண்டை மூள்வது பெரும்பாலும் தண்ணீரில்தான்.

வாடகையைப் படிப்படியாக இறக்குங்கள். முதல் 3 மாதம் முழுதாக நீங்கள், அடுத்த 6 மாதம் பாதி, அதற்கடுத்த 9 மாதம் கால்வாசி. 4,500 ரூபாய் அறைக்கு இது மொத்தம் 37,000 ரூபாய்க்குச் சற்று மேலே வரும். முன்பணம் 40,000, அடுப்பு, சிலிண்டர், பாய், மின்விசிறிக்கு ஒரு 10,000 என்று வையுங்கள். குடும்பத்துக்கு 87,000, இரண்டுக்கும் சேர்த்தால் ஒன்றே முக்கால் லட்சம். நீங்கள் சொன்ன 20,000 ரூபாயில் 18 மாதத்துக்கு 3,60,000 சேரும். ஆகவே பணம் போதும், மீதியும் இருக்கும். அந்த மீதியைத் தொடாமல் வைத்திருங்கள். ஏழாவது மாதம் அப்பா படியிலிருந்து விழுந்து முதுகு பிடித்துக்கொள்ளும், அல்லது பிள்ளைக்கு டெங்கு வரும். இரண்டு மாத வாடகை நின்றால் வீடு போய்விடும் என்கிற அந்தக் கட்டத்துக்குத்தான் இந்தப் பணம்.

ஏன் மூன்று மாதத்தோடு நிறுத்தக் கூடாது என்று கேட்கலாம். அமெரிக்க வீட்டுவசதித் துறை 2010இல் தொடங்கி, 12 பகுதிகளில் காப்பகத்திலிருந்த 2,200க்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. ஒரு பகுதியினருக்கு நீண்ட கால வாடகை உதவி, ஒரு பகுதியினருக்குச் சில மாத உதவி, இன்னொரு பகுதியினரைப் பயிற்சியும் ஆலோசனையும் சேர்ந்த இடைக்கால விடுதிகளில் வைப்பது என்று பிரித்தார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது நீண்ட கால வாடகை உதவி பெற்றவர்கள்தான் மிக நன்றாக இருந்தார்கள். மறுபடி வீடிழப்பது குறைந்திருந்தது. பிள்ளைகள் பள்ளி மாறுவதும், குடும்ப வன்முறையும், தாய்மாரின் மன உளைச்சலும்கூடக் குறைந்திருந்தன. பயிற்சி விடுதிகளுக்குச் செலவு கூடுதல், பலன் அந்த அளவுக்கு இல்லை. சில மாத உதவி மட்டும் பெற்றவர்களுக்கும் சாதாரணக் காப்பகத்தில் இருந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அது வேறு நாடு, வேறு வாடகை. ஆனால் தாயும் பிள்ளையும் எங்கும் ஒன்றுதானே! உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து, அரசு வீடு. ‘வாரியத்தில் மனுப் போட்டால் பெரும்பாக்கத்தில் வீடே கொடுப்பார்களாமே, வாடகைக்கு ஏன் அல்லாட வேண்டும்?’ என்று உங்கள் நண்பர் ஒருவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியிருக்கிற அமைப்பு அது. கண்ணகி நகர், எழில் நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சென்னையின் தென்கோடியில் ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டியிருக்கிறது. நிரந்தரமான கூரை, உள்ளேயே கழிப்பறை, பெயரில் ஒதுக்கீட்டு ஆணை. இவற்றின் மதிப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். அங்கே போய் நன்றாக வேரூன்றிய குடும்பங்கள் உண்டு.

ஆனால் பாரிமுனையிலிருந்து பெரும்பாக்கம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். காலை நான்கு மணிப் பூவுக்கும் மூட்டைக்கும் அங்கிருந்து எந்தப் பஸ்ஸைப் பிடித்து வருவது? சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது 2021 முதல் பெரிய உதவிதான். ஆணுக்கு டிக்கெட் உண்டு, இருவருக்கும் நேரம் போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி அங்கே வீடு கிடைத்ததும் தெருவுக்கே சாக்லேட் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து அவரை அதே பழைய கடை வாசலில் பார்த்தேன். வாரத்தில் ஐந்து நாள் இங்கே படுத்து வியாபாரம், சனி ஞாயிறு அங்கே போய் வீட்டைப் பெருக்கிவிட்டு வருவதாகச் சொன்னார். இடுப்பில் கட்டியிருந்த சுருக்குப் பையிலிருந்து அந்தச் சாவியை எடுத்துக் காட்டினார். பளபளவென்று அப்படியே இருந்தது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மனுவைப் போட்டு வையுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். ஒதுக்கீடு வந்தால் பயனாளி பங்குத் தொகை எவ்வளவு, எத்தனை தவணை, பராமரிப்புக் கட்டணம் என்ன என்பதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குடும்பத்தை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள், அதுவும் விடியற்காலையில் அங்கிருந்து வேலைக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். முடிவு அவர்களுடையது. வீட்டுவேலையோ துப்புரவு வேலையோ பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கமே கிடைத்துவிட்ட குடும்பமாக இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். பூக் கட்டுகிற குடும்பத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வடசென்னையிலேயே இவர்களுக்கான குடியிருப்புகளைக் கட்டித்தர வேண்டும் என்று கேட்பதும் நம் வேலைதான். அது நடக்கவே நடக்காத காரியம் இல்லை. பம்பாயில் பைகுல்லா நடைபாதைப் பெண்கள் நடத்திக் காட்டினார்கள். 1985இல் ஸ்பார்க் என்ற அமைப்போடு சேர்ந்து தங்களைத் தாங்களே கணக்கெடுத்தார்கள். அடுத்த வருடம் மகிளா மிலன் என்று சேமிப்புக் குழுவைத் தொடங்கி, தினமும் கையில் கிடைத்ததைச் சேர்த்தார்கள். 14 அடி உயர அறை, அதற்குள்ளேயே ஒரு பரண் என்று தங்களுக்கு வேண்டிய வீட்டைத் தாங்களே யோசித்து மாதிரியும் செய்து காட்டினார்கள். இருபது வருடம் போல ஆயிற்று. மான்குர்டில் மிலன் நகர் என்று அவர்களுடைய கட்டடம் நிற்கிறது. அந்தப் பெண்களோடு தோள் கொடுத்து நின்றவர் கோலார் தங்கவயலில் பிறந்த நம் தமிழர் ஜோக்கின் அற்புதம். 2000இல் மகசேசே விருது பெற்றவர், 2018இல் காலமானார். பம்பாயின் ஜனதா காலனிக் குடிசைப் பகுதியிலிருந்து தாமும் விரட்டப்பட்ட அனுபவத்தில் அந்த வேலைக்கு வந்தவர். உங்கள் இரண்டு குடும்பத்துப் பெண்களையும் பக்கத்து நடைபாதையில் இருக்கும் பெண்களோடு சேர்த்து ஒரு சேமிப்புக் குழு ஆரம்பித்தால், இரண்டு அறையோடு இது நின்றுவிடாது.

இனி, காகிதங்கள். முன்பணம் சேர உங்களுக்கே நான்கு மாதம் ஆகும், அந்த நான்கு மாதத்தை இதற்குப் பயன்படுத்துங்கள். அவர்கள் காப்பகத்தில் இருப்பது இந்த ஒரு விஷயத்தில் பெரிய வசதி. அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர், ஆதார் ஆணையத்தின் படிவத்தில் புகைப்படம் ஒட்டிக் கையெழுத்திட்டுத் தருகிற சான்றை ஏற்கிறார்கள். அதில் ஆதார், ஆதாரை வைத்து வங்கிக் கணக்கு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வீடே வேண்டாம் என்பது பலருக்குத் தெரியாது. படிவம் 6இல் தூங்குகிற இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. அதற்கு வேறு முகவரிச் சான்று தேவையில்லை. ஆனால் அந்த அலுவலர் இரவில் வருகிற நாளில் யாராவது ஒருவர் அங்கே கூட இருங்கள். இல்லாவிட்டால் ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிடப் போகிறார்கள்.

குடும்ப அட்டை மட்டும் அறைக்குப் போன பிறகுதான் சுலபம். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற குடும்பம் என்று காட்ட வேண்டும், வாடகை ஒப்பந்தம் அதற்கு உதவும். அட்டை வந்தால் விலையில்லா அரிசி வரும். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய்க்கு மனுச் செய்யவும் அட்டைதான் வேண்டும். 4,500 வாடகையில் அந்த ஆயிரம் சின்னத் தொகை இல்லை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றும் சாதிச் சான்றும் இழுத்தடிக்கும், பொறுமையாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிச் சேர்க்கைக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது.

ஒரு விஷயத்தை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் மெதுவாகக் கேட்க வேண்டும்: தண்டல். 10,000 ரூபாய் கடன் என்பார்கள், கையில் 8,500 கொடுப்பார்கள், தினமும் 100 வீதம் நூறு நாள் வசூல். ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்கி, ஒரே நாளில் மூன்று பேர் வசூலுக்கு வருகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அறைக்குப் போனதும் அவர்கள் அங்கேயும் வந்து நிற்பார்கள், வீட்டுக்காரர் முகம் மாறிவிடும். மொத்தக் கடனையும் நீங்கள் அடைக்காதீர்கள். அடைத்தால் அடுத்த வாரமே வேறொருவர் கடன் கொடுக்க வருவார். எந்தெந்தத் தண்டல் எத்தனை நாளில் முடிகிறது என்று எழுதி, அவை முடிகிற வரை வாடகையை நீங்கள் சுமப்பதுதான் நல்ல வழி. முதல் மூன்று மாதம் முழு வாடகை என்று நான் சொன்னதற்கு இது ஒரு காரணம். நடைபாதை வியாபாரியாக இருந்தால் விற்பனைச் சான்றிதழ் வாங்கித் தந்து, 2020இல் 10,000 ரூபாயில் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி வங்கிக் கடனுக்கு அனுப்பலாம்.

முதல் ராத்திரியைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்தப் பூக் கட்டுகிற அம்மாவின் குடும்பம் ராயபுரம் அறைக்குப் போன அன்று நானும் ஒன்பது மணி வரை இருந்தேன். பால் காய்ச்சினார்கள். சுவரில் ஆணி அடிக்கலாமா என்று வீட்டுக்காரரைக் கேட்டு வந்து சாமி படம் மாட்டினார்கள். தார்ப்பாயில் கட்டி வந்த மூட்டையை மட்டும் அவர் பிரிக்கவில்லை. கதவோரமாகவே வைத்திருந்தார். நான் கிளம்பும்போது கேட்டார்: “கதவத் தொறந்தே வெச்சுக்கவாக்கா? சாத்துனா மூச்சு முட்டுது. பசங்களும் தூங்க மாட்டேங்குதுங்க.” பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளைகள் வண்டிச் சத்தத்தில் தூங்கியவர்கள். எட்டாவது படிக்கிற மகள் மட்டும் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். போட்டுவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். தெருவில் வளர்ந்த ஒரு பெண் குழந்தைக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் என்றால் என்ன என்பதை அன்று நான் புரிந்துகொண்டேன்.

மூட்டை பதினோரு நாள் கட்டியபடியே இருந்தது. அந்த நாட்களில் அம்மா இரண்டு முறை பழைய இடத்துக்குப் போய் மத்தியானம் படுத்துவிட்டு வந்தார். இதைப் பார்த்து நீங்கள் பயப்படாதீர்கள், ‘இவ்வளவு செய்தும்’ என்று கோபப்படவும் வேண்டாம். அங்கேதான் அவருடைய அக்கம்பக்கம் இருக்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்கள், அவசரத்துக்கு நூறு ரூபாய் கைமாற்றுக் கொடுத்தவர்கள் எல்லாம் அங்கே இருக்கிறார்கள். நடந்து போகிற தூரத்தில் அறை பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதில் இதுவும் அடக்கம். உங்கள் இரண்டு குடும்பங்களையும் முடிந்தால் ஒரே தெருவில் வையுங்கள்.

முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை போங்கள். எட்டுப் பேரும் மாறி மாறிப் போகாமல், ஒருவர் அல்லது இருவரே தொடர்ந்து போவது நல்லது. ஒரு டீ குடித்துப் பேசிவிட்டு வாருங்கள், ஆய்வுக்குப் போனவர் மாதிரி அறையைச் சுற்றிப் பார்க்க வேண்டாம். சாவி வாங்குகிற படம், பிள்ளைகள் புதுப் பாயில் உட்கார்ந்திருக்கிற படம் எதையும் எடுத்துப் போடாதீர்கள், அது அந்தத் தெருவுக்கே அவர்கள் கதையைச் சொல்லிவிடும். குடி இருந்தால் அதைச் சாக்காக வைத்து வாடகையை நிறுத்தாதீர்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கூட்டிப் போக வழி பாருங்கள், பணத்தை மட்டும் பெண்ணின் கணக்கில் போடுங்கள். நீங்கள் நினைத்த தொழிற்பயிற்சிக்கு ஆறாவது மாதத்துக்குப் பிறகு இடம் இருக்கிறது. அம்மாவுக்குத் தையல் வேண்டுமா, மகனுக்கு ஐடிஐ வேண்டுமா என்பதை அப்போது அவர்களே சொல்வார்கள். கூரையும் தாழ்ப்பாளும் இருந்தால்தான் ஆறு மாதத்துக்கு அப்பால் யோசிக்க முடிகிறது.

எந்தக் குடும்பத்தை முதலில் என்று தடுமாறினால், பெண் பிள்ளை வயதுக்கு வந்த குடும்பத்தை முதலில் எடுங்கள். பள்ளி ஜூனில் திறக்கும், ஆகவே ஏப்ரலிலேயே அறை தேட ஆரம்பித்து மே கடைசிக்குள் குடிபோய்விட்டால், புது முகவரியில் பிள்ளைகளைச் சேர்த்துவிடலாம். அடுத்ததை அக்டோபர் மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக்கொண்டு, ராத்திரி வேலை முடிந்து வந்த பிறகு அந்த இரண்டு அம்மாக்களோடும் உட்கார்ந்து, மாதம் எவ்வளவு வாடகை தன்னால் முடியும் என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். கணக்கை எழுத அந்த வீட்டுப் பிள்ளைகளையே கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.